மழைமானியைச் சோதித்த தேதி எங்கே?

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் இருந்த தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. நாடே வாய் பிளந்தது. அதே நாளில் சப்தர்ஜங்கில் பதிவானது 46.8 தான். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆட்களை அனுப்பி, தரமான கருவியை வைத்து ஒப்பிட்டது. சென்சார் ஏறத்தாழ 3 டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்தது. அதைத் துறை வெளிப்படையாகச் சொன்னது நல்ல விஷயம். ஆனால் அந்தக் கருவி மாட்டிக்கொண்டதே எண் நம்ப முடியாத அளவுக்குப் போனதால்தான். சேலத்தில் ஒரு கருவி 38-ஐ 40 என்று காட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அம்மாபேட்டை வட்டாரத்து விவசாயிகளும் வானிலை ஆர்வலர்களும் சேர்ந்த அமைப்பு இதில் தன் நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. ஒவ்வொரு நிலையத்தின் அளவோடும், அந்தக் கருவி கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியும் அப்போது தெரியவந்த பிழையும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும்.

தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் அமைத்ததை அமைப்பு வரவேற்கிறது. வைத்தால் மட்டும் போதுமா என்பதே கேள்வி. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் வயலைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. குறிப்பிட்ட நிலையத்தின் எண்தான் தீர்மானிக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனையைப் பார்த்துத்தான் வெயில் காலத்தில் தீவனத்தையும் தண்ணீரையும் திட்டமிடுகிறார்கள்.

மழைமானி கெட்டுப்போகப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். புனல் ஓட்டையில் ஒரு வேப்பஞ்சருகு, கொஞ்சம் ஒட்டடை, காய்ந்த குருவி எச்சம் போதும். வெளியே கொட்டும் மழை உள்ளே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். மானி தூறல் என்று எழுதிவிடும். உள்ளே இருக்கும் சிறு கிண்ணம் நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணிக்கை. அடைமழையில் கவிழும் அந்த நொடியிலேயே கொஞ்சம் தண்ணீர் கணக்கில் சேராமல் போகும். சோதிப்பது கடினமே இல்லை. வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. உள்ள மானியில் 200 மில்லி தண்ணீரை அரை மணி நேரம் மெதுவாக விட்டால் 10 மி.மீ. மழை காட்ட வேண்டும், 0.2 மி.மீ.க்கு ஒரு முறை கவிழும் கிண்ணம் என்றால் 50 முறை.

இடமும் முக்கியம். காங்கிரீட் மொட்டை மாடியில் நிற்கும் வெப்பமானி ஊரின் காற்றை அளக்காது, மாடியின் சூட்டைத்தான் அளக்கும்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, வடகிழக்குக்கு முன் ஒரு முறை என ஆண்டுக்கு இரண்டு சோதனை வேண்டும் என்று அமைப்பு கோருகிறது. வட்டத்துக்கு ஓரிடத்திலாவது தானியங்கி மானிக்குப் பக்கத்தில் சாதாரண மழைமானியும் இருக்க வேண்டும், காலை 8.30 மணிக்கு ஆள் பார்த்துக் குறித்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

சந்தேகத்துக்குரிய அளவை அழிக்கக் கூடாது, குறியிட்டு வைக்க வேண்டும். லிபியாவின் அல் அசீசியாவில் 1922-இல் பதிவான 58 டிகிரியை உலக வானிலை அமைப்பு 2012-இல்தான் தள்ளுபடி செய்தது. 90 வருடம் கழித்தும் அதை ஆராய முடிந்ததற்குக் காரணம், அன்று கையால் எழுதிய பதிவேடு கிடைத்ததுதான்.

உறுப்பினர்கள் வீட்டில் வைத்திருக்கும் மானிகளுக்கும் இதே விதிதான். சோதித்த தேதி சொல்லாத அளவு இனி அமைப்பின் வாட்ஸ்அப் பட்டியலில் இடம்பெறாது. இதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு.