சுகப்பிரசவம் என்னும் சொல்

கத்தி படாமல் குழந்தை பிறந்துவிட்டால் அதற்குச் 'சுகப்பிரசவம்' என்று பெயர் சூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு வழங்கி மகிழ்கிற நம் சமூகம், அந்தச் சுகம் யாருடைய சுகம் என்று ஒரு கணமேனும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. விடிய விடிய இடுப்புவலியில் துடித்தவளைக் கேட்டால் அந்தச் சொல்லுக்கு அவள் வேறு பொருள் உரைப்பாள். நான் ஆண்பிள்ளை, பிரசவ அறையின் வாசலில் நின்று, உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டு, செய்வதறியாமல் வராந்தாவில் நடந்ததே இந்த விஷயத்தில் எனக்குள்ள நேர் அனுபவம். ஆகையால் வேதனையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. அதைத் தணிக்கும் உபாயங்களைப் பற்றி ஊரில் உலவும் அபிப்பிராயங்களைக் குறித்தே எழுதுகிறேன். ஏனெனில் அவற்றில் பல, என்னைப் போல் வாசலில் நின்றவர்கள் உண்டாக்கியவை.

அவற்றுள் தலையாயது, முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் ஆயுள் முழுவதும் முதுகுவலி தீராது என்பது. இந்தப் பயத்தால் எபிடியூரல் என்னும் வலி நிவாரணத்தை மறுக்கிற அதே குடும்பம், வலி பொறுக்க முடியாத கட்டத்தில் "ஆபரேஷனே செய்துவிடுங்கள் டாக்டர்" என்று மன்றாடுவதையும், அந்த ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி போடப்படுகிறது என்பதை அப்போது யாரும் நினைத்துப் பாராததையும் காணும்போது, நம் அச்சங்களுக்கு ஒரு தர்க்க சாஸ்திரம் தேவை என்று தோன்றுகிறது. எபிடியூரல் குழாய் தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அறுவைக்கான ஊசியோ, மிக மெல்லியதே ஆயினும், அவ்வுறையைத் துளைத்து உள்ளே செல்கிறது. நீடித்த முதுகுவலிக்கு எபிடியூரல்தான் காரணம் என்பதை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. கர்ப்பகாலமே முதுகுக்குப் பாரமாகி, ஊசி போடாதவர்களுக்கும் அவ்வலியைத் தந்துவிடுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களுக்கு ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் அது ஏறத்தாழ 64. இதற்குக் காரணங்கள் பல. வலியைப் பற்றிய பீதி அவற்றுள் ஒன்றன்று என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847ஆம் ஆண்டு முதலில் ஈதரையும் பிறகு குளோரோபாரத்தையும் பிரசவத்தில் பயன்படுத்தியபோது, வேதனையைத் தணிப்பது தெய்வ சித்தத்துக்கு விரோதம் என்ற குரலும் எழுந்தது. மருத்துவர்களோ, இயற்கையின் காரியத்தில் தலையிட்டால் தாய்க்கும் சேய்க்கும் என்ன ஆகுமோ என்று அஞ்சினார்கள். 1853இல் விக்டோரியா மகாராணியே, லியோபோல்டு இளவரசரைப் பெற்றபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவரின் கையால் குளோரோபாரம் பெற்றுக்கொண்டதும் ஊர் வாய் ஓரளவு அடங்கிற்று. ஆனால் அஞ்சிய மருத்துவர்கள் முற்றும் தவறியவர்களல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் மார்பினையும் ஸ்கோபலமினையும் சேர்த்துக் கொடுத்து 'அந்தி உறக்கம்' என்று ஒரு முறை பிரசித்தமாயிற்று. அமெரிக்கப் பெண்கள் 1914ஆம் ஆண்டு வாக்கில் அதைக் கேட்டு இயக்கமே நடத்தினார்கள். அம்மருந்து வலியைப் போக்கியதைவிட, வலியின் நினைவைப் போக்கியதே அதிகம். பெண்கள் அலறினார்கள், புரண்டார்கள், கட்டிலிலிருந்து விழாதபடி கட்டியும் வைக்கப்பட்டார்கள்; விழித்தெழுந்தபோது ஒன்றும் ஞாபகமில்லாமல் மருத்துவருக்கு நன்றி கூறினார்கள். அவர்கள் கேட்டதற்கும் அவர்களுக்குக் கிடைத்ததற்கும் இருந்த வித்தியாசத்தை அவர்களிடம் யார் சொன்னார்கள்?

மருந்து தாயோடு நின்றுவிடுவதில்லை என்பதே இதிலுள்ள பிரதான சங்கடம். பெத்திடின் ஊசி நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. வலியைச் சற்று மங்கச் செய்யும், மயக்கமும் குமட்டலும் தரும், நஞ்சுக்கொடி வழியே குழந்தையையும் சேரும். ஊசி போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் பிள்ளை பிறந்தால், மூச்சுவிடச் சோம்பும் சிசுவைத் தட்டி எழுப்ப வேண்டி வரலாம். பிறந்த சிசுவின் நிறம், மூச்சு, இதயத்துடிப்பு முதலியவற்றுக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்த வர்ஜினியா அப்கார் பிள்ளை மருத்துவர் அல்லர், மயக்க மருந்து மருத்துவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். நைட்ரஸ் ஆக்ஸைடும் பிராணவாயுவும் சரிபாதி கலந்த வாயு இன்னொரு மார்க்கம்: வலி எழும்பும்போது அவளே முகமூடியைப் பிடித்து இழுத்துக்கொள்வாள், தலை கிறுகிறுக்கும், சில நிமிடங்களில் தெளிந்துவிடும். வலியும் பாதி தங்கிவிடும்.

வலியை உண்மையாக நிறுத்துவதில் எபிடியூரலுக்கு நிகரில்லை. ஆனால் அதற்கும் விலை உண்டு. பிரிட்டனின் பிரசவகால மயக்க மருத்துவர் சங்கம் தாய்மார்களுக்குத் தரும் கணக்கின்படி, எட்டில் ஒருவருக்கு அது சரிவர வேலை செய்யாது. ஐம்பதில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் வெகுவாக இறங்கும். நூறில் ஒருவருக்கு உறை தவறுதலாகத் துளைபட்டுக் கடுந்தலைவலி வரும். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நரம்புச் சேதம் 13,000 பேரில் ஒருவருக்கு. உடல் செயலிழந்துபோவது போன்ற பேரிடர் 2,50,000 பேரில் ஒருவருக்கு. காய்ச்சல் வரலாம், சிறுநீருக்குக் குழாய் வேண்டியிருக்கலாம், முக்கிப் பெறும் கட்டம் நீளலாம். அறுவை கூடும் என்ற பயத்துக்கு மட்டும், 40 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு இடம் தரவில்லை. ஆயுதமிட்டு எடுப்பது கூடும் என்பதும், மருந்தை நீர்க்கச் செய்து கொடுக்கும் இக்காலத்தில் பழைய கணக்காகிவிட்டது. மறுபக்கத்தில், இதய நோயுள்ளவளுக்கும் கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வருந்துபவளுக்கும் வலியின் கொந்தளிப்பே ஓர் அபாயம். தராசின் ஒரு தட்டில் ஊசியின் தீமைகளை அடுக்குகிற நாம், மறுதட்டில் வலியின் தீமைகளை வைக்க மறந்துபோகிறோம். ரத்தம் உறையாத குறையுள்ளவளுக்கு அந்த ஊசி ஆகாது என்பதும், நாள் முழுதும் கண்காணிக்க மயக்க மருந்து மருத்துவர் இல்லாத இடத்தில் அதைத் தொடங்குவது விவேகமன்று என்பதும் தனி விஷயங்கள். இத்தகைய தடைகள் ஏதும் இல்லாதபோதும், கேட்கிற பெண்ணுக்கு அதை மறுப்பது நியாயமன்று என்பதே என் கட்சி. கேளாதவளுக்குச் சலுகைக் கட்டணம் என்று விற்பதும் நியாயமன்று.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் தாயுமானவர் கதையைக் கேளாதவர் இல்லை. காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் அக்கரையிலேயே தங்கிவிட, இறைவன் அத்தாயின் வடிவெடுத்து வந்து மகளுக்குப் பேறு பார்த்தாராம்; இன்றும் கர்ப்பிணிகளுக்காக அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். சர்வ வல்லமை உள்ளவர் வலியையே இல்லாமல் செய்திருக்கலாம்; அருகில் ஓர் ஆள் இருப்பதுதான் அவளுக்கு வேண்டும் என்று கதை சொன்னவர் அறிந்திருந்தார். பிரசவம் முழுவதும் துணை ஒருத்தி உடனிருந்தால் மருந்தின் தேவையும் அறுவையும் குறைகின்றன என்று இக்கால ஆய்வுகளும் கூறுகின்றன. இதற்கு ஊசியும் இல்லை, பக்கவிளைவும் இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு வழி செய்யப்பட்டது இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே. ஆயினும் கதவுக்கு வெளியே நிறுத்தப்படுகிற தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வளைகாப்புக்கு நாள் குறிக்கும் மாதத்திலேயே, கர்ப்பிணியை எதிரில் உட்கார வைத்து, மேலே சொன்ன எண்களை அவளுக்கு விளங்கும் தமிழில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டுவிட்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் வலி ஏறும் வேளையில் சம்மதக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வருகிறார்கள். என் வீட்டுப் பிரசவம் ஒன்றில் அப்படி ஒரு காகிதம் என் கையில் தரப்பட்டது. கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்கள். எழுத்து பொடியாக இருந்தது. மூக்குக்கண்ணாடியை அவசரத்தில் வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். போட்டுக் கொடுத்தேன். அவளைக் கேட்டீர்களா என்று கேட்க எனக்கும் அப்போது தோன்றவில்லை.