நான்கு எல்லையும் காட்டாத திரை

கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் நடந்த களவுக்குப் பின் முடங்கிப்போன ஒரு முதலீட்டாளரின் எக்ஸ்ஆர்பி நாணயங்கள் பற்றிய வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபர் 25 அன்று தந்த உத்தரவை மனநிறைவோடு படித்தேன். அந்த நிறைவு மாலைவரைகூட நீடிக்கவில்லை.

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, தான் டிசைன் செய்த மெய்நிகர் சொத்துச் சந்தை ஆப்பைக் காட்டினான். “மூணு தட்டு தட்டினா போதும்ணே, போயிடும்.” போய்விடும்தான். அனுப்ப வேண்டிய முகவரி 42 எழுத்து. திரையில் தெரிந்ததோ முன்னால் ஆறு, பின்னால் நாலு, நடுவே புள்ளிகள். தலையும் வாலும் ஒத்த போலி முகவரியிலிருந்து திருடன் சில்லறை அனுப்பி, நம் கணக்குப் பட்டியலில் இடம்பிடித்துவிடுவான். அவசரத்தில் அதையே நகலெடுத்தால் முடிந்தது கதை. 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் சுமார் 6.8 கோடி டாலரை அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பியது. எல்லோருக்கும் அப்படித் திரும்பாது.

பழைய பத்திரங்கள் மேல் எனக்குள்ள பற்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். ஒரு கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் பாருங்கள். சர்வே எண் போட்டாலே நிலம் எது என்று தெரியும், ஆனாலும் விடமாட்டார்கள். வடக்கே இன்னார் தோப்பு, கிழக்கே வாய்க்கால், தெற்கே பொதுப்பாதை, மேற்கே இன்னார் மனை. இதற்குள்பட்ட இத்தனை சென்ட். தொகை எண்ணாலும் எழுத்தாலும். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்று காசோலைகளுக்கு 1881ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, சாட்சி இருவர். வாசிக்கத் தெரியாத என் பாட்டிக்குப் பத்திர எழுத்தர் வரிவரியாக வாசித்துக் காட்டினார். “நில்லும், தெக்க பாதையில்லா? வாய்க்கால்னு வாசிக்கீரு” என்று பாட்டி மறித்தாள். திருத்தி எழுதினார்கள். எழுத்தறியாத ஒருத்தி பிழையைப் பிடிக்க இடம் கொடுத்த அந்தத் தாளைவிடச் சிறந்த டிசைனை நான் பார்த்ததில்லை.

தம்பியிடம் கேட்டதும் அதைத்தான். 42 எழுத்தையும் நாலு நாலாகப் பிரித்துக் காட்டு. தொகையை எழுத்தாலும் போடு. புது முகவரியென்றால் முதலில் நூறு ரூபாய் மட்டும் போகட்டும். சேர்ந்தது உறுதியான பிறகு மீதி. வாடிக்கையாளர் பொறுக்காமல் வேறு ஆப்புக்குப் போய்விடுவார் என்று மேலாளர் சொல்வாராம். சொல்லட்டும். அனுப்பியதைத் திரும்பக் கேட்க வழியில்லாத சந்தையில், ஆளை நிறுத்தி வாசிக்க வைப்பதுதான் டிசைனரின் முதல் கடமை.