விழித்திருப்போர் பொருட்டு ஒரு விண்ணப்பம்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் குடிமகன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எங்கள் வயல்களையும் குளங்களையும் வாழவைக்கும் வடகீழ்ப் பருவமழை, ஓய்ந்த பின்னர் முற்றத்திலும் கிணற்றடியிலும் தேங்கிய நீரிலே நுளம்பையும் விட்டுச்செல்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இலங்கை முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவான 2017ஆம் ஆண்டில், மார்ச் மாதமளவில் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. பாடசாலைகள் மூடப்பட்டன, ஆதார வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் மட்டும் இல்லாதிருந்தால், கடுமையாக நோயுற்றோரைத் திருகோணமலைக்கு அனுப்ப இயந்திரப் படகையே நம்பியிருக்க வேண்டியிருக்கும்.

டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் எந்த வைத்தியசாலையிலும் இருக்கவில்லை. காய்ச்சல் தணிந்து, பிள்ளை தேறிவிட்டதென்று தாய் ஆறுதலடையும் வேளையிலேதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி, ஓரிரு நாட்களுக்குள் பிராணாபத்து நேரிடுகிறது. அந்த நேரத்திலே, மணிக்கு மணி நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, சிறுநீரை அளந்து, குருதியின் செறிவைச் சோதித்து, சேலைன் கூடினால் நுரையீரலில் நீர் கட்டும், குறைந்தால் உடல் குளிர்ந்து நாடி விழும் என்ற இக்கட்டில் அளவறிந்து ஏற்றுகிற தாதியின் விழிப்பே மருந்தாகிறது. ஆகவே ஒரு தாதியின் பொறுப்பிலுள்ள கட்டில்கள் இரட்டிப்பாகும்போது, ஒவ்வொரு நோயாளிக்கும் கிடைக்கும் மருந்து பாதியாகிவிடுகிறது. நித்திரையின்றி இரண்டு முறைக் கடமையைத் தொடர்ந்து செய்பவரின் அர்ப்பணிப்பை நாம் போற்றலாம். ஆனால் அவர் களைத்துப்போன அந்த அதிகாலையிலே நோயாளியைக் காப்பது எது?

கொரோனாக் காலத்திலோ அபாயம் கட்டிலருகே நின்றவரையே தேடி வந்தது. ராகம வைத்தியசாலையில் பணிபுரிந்த டாக்டர் கயான் தந்தநாராயண 2021 பெப்ரவரி 2ஆம் திகதி, தமது 32ஆம் வயதில், அந்நோயால் மாண்ட இந்நாட்டின் முதல் வைத்தியரானார். சுகாதாரப் பணியாளருக்குத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கி நான்கே நாட்கள்தாம் ஆகியிருந்தன! இதற்கு முன்னரும், 2003இல் வியட்நாமின் ஹனோய் நகரிலுள்ள பிரெஞ்சு வைத்தியசாலையில் சார்ஸ் நோய் புகுந்தபோது, அங்கிருந்த ஊழியர் தொற்றை வெளியே கொண்டுசெல்லாதபடி உள்ளேயே தம்மை அடைத்துக்கொண்டார்கள். சிலர் அங்கேயே உயிர் துறந்தார்கள். அந்நோயை முதன்முதலாக அடக்கிய தேசம் வியட்நாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்ததற்கு, அவர்கள் பூட்டிக்கொண்ட கதவும் ஒரு காரணம்.

இவ்வாறு உள்ளே நிற்பவர்களுக்கு, வெளியிலுள்ள அரசு செய்ய வேண்டியது பாராட்டுரை அன்று. கிண்ணியாவிலோ மூதூரிலோ விடுதிகள் நிரம்பத் தொடங்கிய ஓரிரு நாட்களுக்குள் பிற மாவட்டங்களிலிருந்து தாதியர் வந்துசேரும் ஏற்பாடு, அவர்கள் படுத்துறங்க ஓர் அறை, ஊரடங்கு வேளையில் சிற்றூழியரையும் ஏற்றிவரும் வாகனம், கடமையிலே நோயுற்றவரின் குடும்பத்துக்கு அலைச்சலின்றிக் கிடைக்கும் உதவித்தொகை ஆகியவற்றை எழுத்திலான உத்தரவாகவே வேண்டுகிறோம். அவ்வுத்தரவு ஐப்பசி மழைக்கு முன்னரே எங்கள் வைத்தியசாலைகளை வந்தடையுமாறு செய்தருளப் பணிவுடன் பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
திருகோணமலைவாசி ஒருவன்