பருவகால வேலைக்கும் ஒரு நியமனக் கடிதம் வேண்டும்

ஹல்துமுல்லைக்கு வடமேற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரின் மேற்பரப்பிலேயே ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா அமைந்துள்ளது. சித்திரைப் புத்தாண்டையொட்டி நுவரெலியாவில் 'சீசன்' ஆரம்பமானதும் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் வாகனங்கள் பட்டிப்பொல, ஒஹிய ஆகிய இரு பாதைகளாலும் அச்சமவெளியை நோக்கி ஏறுகின்றன. அந்தச் சில வாரங்களுக்கு மலைச்சரிவிலுள்ள தோட்டங்களின் இளைஞர், யுவதிகளுக்கு வேலை கிடைக்கின்றது. விடுதிகளில் அறைகளைத் துப்புரவு செய்தல், உணவகங்களின் சமையலறையில் உதவுதல், வேன்களில் நடத்துநராகச் செல்லுதல், வீதியோரக் கடைகளில் சோளமும் தேநீரும் விற்றல் என அவை பலவகைப்படும். சீசன் முடிந்ததும் வேலையும் முடிந்துவிடும். அது இயல்பானதே. ஆனால் அப்படியொரு வேலை நடந்ததென்பதற்கான எழுத்துமூலச் சான்று எதுவும் எஞ்சுவதில்லை என்பதையே நாம் இங்கு கவலையுடன் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

இவ்வேலைக்குச் செல்வோரில் பெரும்பாலானோர் க.பொ.த. சாதாரண தரம் அல்லது உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருப்பவர்கள். தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை. பெற்றோருக்கும் விருப்பமில்லை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் நீண்ட இழுபறியின் பின்னர் 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதும், 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தி, வரவுக்கான ஊக்குவிப்பாக 200 ரூபாவை அரசாங்கம் வழங்குமென அறிவிக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. எனினும் கொழுந்துக் கூடையைத் தம் பிள்ளைகளின் தோளில் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்த ஒரு தலைமுறையை இத்தொகைகள் திருப்பி அழைக்கப் போவதில்லை. அப்பிள்ளைகளுக்குக் கொழும்புக் கடைகள், ஆடைத் தொழிற்சாலைகள், மத்திய கிழக்கு நாடுகள் என்ற வழிகள் உள்ளன. இவற்றுக்கு முன்னதாக, பலருக்கு வாழ்வின் முதல் சம்பளம் கிடைக்குமிடம் இந்தச் சீசன் வேலையாகவே இருக்கின்றது. முதல் வேலையிலேயே 'கடிதம் கேட்கக் கூடாது' என்ற பாடத்தையும் அவர்கள் கற்றுக்கொள்கின்றனர்.

'அமைய ஊழியர்', 'தற்காலிக ஊழியர்' என்ற சொற்களுக்கு நம்மவர் மத்தியில் உரிமை எதுவுமற்றவர் என்ற பொருள் எவ்வாறோ ஏற்பட்டுவிட்டது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், நிரந்தரம், தற்காலிகம், அமையம் என்ற வேறுபாடின்றி வேலைக்கமர்ந்த முதல் நாளிலிருந்தே ஊழியருக்குப் பொருந்தும். ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், முதலாளியின் பங்காக 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும்.

கணக்கொன்றைப் பார்ப்போம். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாவாகும். அந்த அளவிலேயே சம்பளம் வழங்கப்படுவதாகக் கொண்டாலும், இரண்டு மாதங்கள் வேலை செய்யும் ஒருவருக்காக முதலாளி இரு நிதியங்களுக்கும் செலுத்த வேண்டிய தொகை 9,000 ரூபா. மூன்று சீசன்களுக்கு 27,000 ரூபா. வட்டி வேறு. பெருந்தொகையென எவரும் கூறமாட்டார்கள். ஆனால் லயத்து அறையில் வாழும் குடும்பமொன்றுக்கு அது சிறு தொகையுமல்ல. அதனிலும் முக்கியமானது, சேமலாப நிதியில் ஓர் அங்கத்துவ இலக்கம் விழுந்துவிட்டால் அவர் தொழில் செய்தவர் என்பதற்கு அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே ஆதாரம் உண்டாகிவிடுகின்றது என்பதே.

அந்த ஆதாரத்தின் பெறுமதியை கடந்த சில ஆண்டுகளின் அனுபவம் நன்கு உணர்த்தியிருக்க வேண்டும். 2018 இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தொடர்ந்து அவ்வாண்டின் எண்ணிக்கை 19 இலட்சமாகக் குறைந்தது. கொவிட் தொற்றினால் 2021 இல் அது இரண்டு இலட்சத்துக்கும் கீழே சென்றது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் உள்ளூர்ப் பயணிகளையும் வீட்டிலேயே நிறுத்திவைத்தன. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்து மூச்சுவிட்ட வேளையில், 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளி பதுளை, நுவரெலியா மாவட்டங்களை நிலைகுலையச் செய்தது. மண்சரிவுகளால் வீதிகளும் மலையக ரயில் பாதையும் சிதைந்தன. டிசம்பர் விடுமுறைக் காலத்தை எதிர்பார்த்திருந்தவர்களின் வருமானமும் அத்துடன் போயிற்று. இத்தகைய ஒவ்வொரு தடவையும் விடுதி உரிமையாளர் கடன் சலுகைக்கும் நிவாரணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பதிவுபெற்ற ஊழியரும் தமது நிலையை எடுத்துக்கூறலாம். கடிதமற்ற பருவகாலத் தொழிலாளி வேலை இழந்ததாகக் கூறுவதற்கு, முதலில் தமக்கு வேலை இருந்தது என்பதை நிரூபித்தாக வேண்டும். அவரால் அது முடியாது.

அமெரிக்காவில் 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேசிய பூங்காச் சேவை பருவகால ஊழியர்களுக்கு வழங்கியிருந்த நியமனங்கள் திடீரென இரத்துச் செய்யப்பட்டன. அது நாடளாவிய கண்டனத்துக்குள்ளானது. சில வாரங்களுக்குள்ளேயே 7,700 பேர் வரை நியமிக்க அனுமதி வழங்கப்பட்டது. அங்குள்ள தொழிலாளர் நிலை சொர்க்கம் என்று நாம் கூற வரவில்லை. நியமனக் கடிதம் கையிலிருந்ததாலேயே அது இரத்தானது என்று அவர்களால் குரலெழுப்ப முடிந்தது. ஹல்துமுல்லையில் இரத்துச் செய்வதற்குக்கூட எதுவுமில்லை.

இங்கு ஒரு விடயத்தை ஒளிவுமறைவின்றிக் கூற வேண்டியுள்ளது. தோட்டத்துப் பிள்ளைகளைக் கடிதமின்றி வேலைக்கு அமர்த்துவோர் அனைவரும் பெரிய ஹோட்டல் கம்பனிகளோ, சிங்கள முதலாளிகளோ அல்லர். ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பதுளை ஆகிய நகரங்களில் உணவகமும் விடுதியும் வாகனச் சேவையும் நடத்தும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களும் அவர்களில் அடங்குவர். ஊரார் என்ற உரிமையிலும் உறவுமுறை சொல்லி அழைக்கும் பழக்கத்திலும் கணக்கு மறைந்துபோகின்றது. சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தோம், பெருநாளைக்கும் தீபாவளிக்கும் உடுப்பு வாங்கிக் கொடுத்தோம் என்ற பதில் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் சேமலாப நிதி என்பது தயவினால் வழங்கப்படுவதன்று. குருத்தலாவை, சில்மியாபுர போன்ற முஸ்லிம் கிராமங்களிலிருந்து வெளியூர்க் கடைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் இதே நிலையிலேயே உள்ளனர் என்பதை இரு சமூகங்களின் வர்த்தக சங்கங்களும் சிந்தித்துப் பார்க்க வேண்டும். தோட்டக் கம்பனிகளின் மீது நாம் நீட்டும் விரல் நமது கடைவீதியை நோக்கியும் திரும்ப வேண்டியதே.

வயது பற்றிய பிரச்சினையும் உண்டு. வேலைக்கமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 2021 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தினால் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சீசன் காலத்துக் கடைகளில் நிற்கும் சில முகங்களைப் பார்க்கையில், அத்திருத்தம் மலையேறி வந்ததா என்ற ஐயம் எழுகின்றது. கடிதம் கட்டாயமாகுமானால் பிறந்த திகதியும் அதில் எழுதப்பட்டே ஆக வேண்டும்.

இனி அரசாங்கத்தின் பங்குக்கு வருவோம். 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட ஹோட்டன் சமவெளியின் பரப்பளவு 3,160 ஹெக்டேயர் மட்டுமே. மகாவலி, களனி, வளவை ஆகிய நதிகளுக்கு நீர் வழங்கும் இந்நிலம் 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே வேலைவாய்ப்பு என்ற பெயரில் மேலும் வாகனங்களையும் பார்வையாளர்களையும் அங்கு ஏற்றுவதை நாம் ஆதரிக்க மாட்டோம். யால பூங்காவில் ஒரு சிறுத்தையைச் சுற்றிப் பல ஜீப் வண்டிகள் முண்டியடிக்கும் காட்சி ஒன்றே போதும். ஹோட்டன் சமவெளியில் ஜீப் சவாரி இல்லை. உலக முடிவுக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும் மக்கள் நடந்தே செல்கின்றனர். ஆகையால் அங்கு தேவைப்படுவது மனித உழைப்பு. நுழைவாயிலில் பொலித்தீன் பொருட்களைச் சோதித்து அகற்றுதல், நடைபாதையைப் பேணுதல், வறட்சி மாதங்களில் புல்வெளித் தீயைக் கண்காணித்தல், ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டுப் பரவிவரும் கோர்ஸ் என்னும் முட்செடியை வேரோடு களைதல் ஆகியன ஆண்டுதோறும் செய்யப்பட வேண்டியவை. மலைச்சரிவில் பிறந்து வளர்ந்து, குளிரிலும் மழையிலும் வேலை செய்து பழகிய இளைஞர்களைவிட இவற்றுக்குப் பொருத்தமானவர் யாவர்?

வழிகாட்டிகள் தொடர்பிலும் இதனையே கூறலாம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் தொண்டர் வழிகாட்டிகள் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. சீசனில் வரும் உள்ளூர்ப் பயணிகளில் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். மரை என்ன உண்கின்றது, மேட்டு நிலக் காடு ஏன் கருகி மடிகின்றது என்பவற்றை அவர்களுக்குத் தமிழில் விளக்கக்கூடிய வழிகாட்டிகள் பயிற்றுவிக்கப்பட வேண்டும். எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளாத பயணி மலை விளிம்பில் தவறி விழக்கூடும் என்பதால் இது மொழியுரிமையுடன் உயிர்ப் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட விடயமாகும்.

மூணாறு தேயிலைத் தோட்டங்களை அடுத்துள்ள இரவிகுளம் தேசிய பூங்கா இதற்கு ஓர் ஒப்பீடாகும். கண்ணன் தேவன் கம்பனியின் வேட்டைக் காடாக இருந்து, 1978 இல் தேசிய பூங்காவான அவ்விடம், வரையாடுகள் குட்டி ஈனும் பெப்ரவரி, மார்ச் காலத்தில் பார்வையாளருக்கு மூடப்படுகின்றது. காட்டைக் காவல் காப்பதிலும் பார்வையாளரைக் கவனிப்பதிலும் முதுவர் பழங்குடியினருக்கு, சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் ஊடாகப் பங்கு அளிக்கப்பட்டுள்ளது. பூங்காவை மூடுவதும் அயலவருக்கு வேலையளிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை அங்கு காணலாம்.

ஊவாவுக்கு மற்றுமொரு வாய்ப்பும் உண்டு. யால, உடவளவை, கல்ஓயா ஆகிய மூன்று பூங்காக்களும் மொனராகலை மாவட்டத்தையும் தொட்டு நிற்கின்றன. ஹல்துமுல்லையிலிருந்து பெரகல, கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயவுக்கு இறங்கினால் அத்தாழ்நிலம் தொலைவில் இல்லை. மலையில் சீசன் ஏப்ரலில் உச்சமடைகின்றது. யாலவில் அது பெப்ரவரி முதல் ஜூலை வரை நீடிக்கின்றது. செப்டெம்பர் வறட்சியில் அதன் முதலாம் வலயம் மூடப்படும்போது உடவளவை திறந்தே இருக்கும். பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் இரண்டு அல்லது மூன்று இடங்களை இணைத்து ஆண்டின் பெரும்பகுதிக்கு வேலை பெறக்கூடிய திட்டமொன்றை மாகாண மட்டத்தில் வகுக்கலாம். யாரிடம் கேட்பது என்பதுதான் வினா. 2014 இல் தெரிவான ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019 இல் முடிவடைந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநரின் கையிலேயே நிருவாகம் இருந்துவந்துள்ளது.

பிரதேச செயலகமும் தொழில் திணைக்களமும் உடனடியாகச் செய்யக்கூடியவை இவற்றைவிட எளியவை. பெயர், பிறந்த திகதி, வேலையின் வகை, தொடங்கும் நாள், முடியும் நாள், சம்பளம், சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்கப் படிவம், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டு விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் விநியோகிக்கப்படலாம். வேலைத்தளத்தில் காயமடைவோருக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருப்பதையும் அதன் மறுபக்கத்தில் குறிப்பிடலாம்.

கடிதம் வந்துசேரும் வழியும் சீராக வேண்டும். லயங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டப் பெயருக்கு வரும் தபால் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே வீட்டை அடைகின்றது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, திகதி கடந்த பின்னர் கையில் கிடைப்பது பெருந்தோட்டங்களில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் முறைப்பாடாகும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி இதே பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டபோது, அந்த லயங்களில் வாழ்ந்தோர் எத்தனை பேர் என்பதை உறுதியாகச் சொல்ல எவராலும் முடியவில்லை.

அடுத்த சீசனுக்கு ஆள் தேடும் பேச்சு தை மாதத்திலேயே தோட்டங்களில் தொடங்கிவிடும். தொழிற்சங்கங்களின் தோட்டக் கமிட்டிகளும், கோவில் பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிருவாகங்களும் அப்படிவத்தைப் பற்றி அந்தத் தை மாதத்திலேயே பேசுமாயின், சித்திரையில் மலையேறும் பிள்ளைகளில் சிலராவது கையில் ஒரு கடிதத்துடன் செல்வர்.