மல்டி டூல்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பூட்டைப் பாருங்கள்

ஒரு கட்டிங் பிளேயர், இரண்டு கத்தி, ஒரு ரம்பம், ஒரு அரம், நாலைந்து ஸ்க்ரூ டிரைவர், ஒரு பாட்டில் ஓப்பனர். எல்லாம் மடங்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மல்டி டூல் என்று விற்கிறார்களே, அந்தச் சமாசாரம்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் '15 இன் 1' என்று போட்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் பெட்டியில் '18 இன் 1'. விலையும் ஐம்பது ரூபாய் குறைவு. வாங்குகிறவர் எதை எடுப்பார்? சந்தேகமே வேண்டாம், பதினெட்டைத்தான்.

அந்த எண் தரத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மல்டி டூலின் தரம் எத்தனை கருவி என்பதில் இல்லை. அந்தக் கருவிகள் திரும்புகிற ஆணியிலும், திறந்த பிறகு அவற்றை நகராமல் பிடித்து நிறுத்துகிற பூட்டிலும் இருக்கிறது. இதைப் பார்க்காமல் வாங்கினால் போவது சில நூறு ரூபாய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். விரலும் போகலாம்.

பதினெட்டு எங்கிருந்து வந்தது?

எண்ணிக்கை விளையாட்டை மட்டமான கம்பெனிகள் மட்டும் ஆடுவதில்லை. அமெரிக்காவின் லெதர்மேன் நிறுவனத்தின் 'வேவ் பிளஸ்' நல்ல பெயர் எடுத்த மாடல். அதற்கும் 18 கருவிகள் என்றுதான் கணக்கு. பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். பிளேயரின் தலை ஒன்றே ஐந்து கருவியாக எண்ணப்பட்டிருக்கிறது: கூர்மூக்குப் பகுதி ஒன்று, சாதாரண பிளேயர் ஒன்று, கம்பி வெட்டுவது ஒன்று, கெட்டிக் கம்பி வெட்டுவது ஒன்று, வயர் முனையை நசுக்குவது ஒன்று. கைப்பிடியில் பொறித்திருக்கும் அளவுகோலும் ஒரு கருவிதான்!

தரமான பொருளில் இது ஒரு சின்ன விற்பனைத் தந்திரம், அவ்வளவே. தரமில்லாத பொருளில் அந்த எண்ணைத் தவிர விற்பதற்கு வேறு ஒன்றும் இருக்காது.

பூட்டு வந்த கதை

1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்ஸ்னர் கத்திப் பட்டறை தொடங்கினார். இன்றைய விக்டோரினாக்ஸின் ஆரம்பம் அது. 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்திகளைக் கொடுத்தார். 1897-ல் வந்த அதிகாரிகள் கத்திதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சிவப்புக் கத்தியின் மூதாதை.

அமெரிக்காவில் டிம் லெதர்மேன் 1975-ல் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றினார். கையில் ஒரு சாரணர் கத்தி. கார் மக்கர் செய்தபோதெல்லாம் கத்தி இருந்தது, பிளேயர் இல்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்த 'பாக்கெட் சர்வைவல் டூல்' எட்டு வருடம் கழித்து 1983-ல் விற்பனைக்கு வந்தது.

அந்த முதல் கருவியில் கத்திக்குப் பூட்டு கிடையாது. 1998-ல் வந்த வேவ் மாடலில் வெளிப்பக்கக் கத்திகளுக்குப் பூட்டு இருந்தது. எல்லாப் பிளேடுகளும் பூட்டிக்கொள்ளும்படி வேவ் மாற்றி அமைக்கப்பட்டது 2004-ல். 1983-க்கும் 2004-க்கும் நடுவே 21 வருடங்கள். பூட்டு என்பது சும்மா பெட்டியில் அச்சடிக்கிற அம்சம் என்றால் இத்தனை தூரம் மெனக்கெட வேண்டியதில்லை.

எப்போது மடங்கும்?

ஆப்பிள் நறுக்கும்போது மடக்குக் கத்தி மடங்காது. காரணம் எளிது. நறுக்கும்போது பழம் கத்தியின் கூரான வாயை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த விசை கத்தியை இன்னும் திறக்கத்தான் பார்க்கும், மூடப் பார்க்காது. ஆபத்து வேறு வேலைகளில் இருக்கிறது. தோல் பெல்ட்டில் ஓட்டை போடக் கத்தி முனையால் குத்தும்போது, மரத்தில் சிக்கிய கத்தியை ஆட்டி இழுக்கும்போது, முதுகுப் பக்கத்தால் எதையாவது சுரண்டும்போது, விசை கத்தியை மூடுகிற திசைக்குத் திரும்புகிறது. மூடுகிற வழியில் இருப்பது ஆள்காட்டி விரலின் உட்பக்கம். அங்கேதான் விரலை மடக்கும் தசைநாணும் உணர்ச்சி நரம்பும் தோலுக்குக் கொஞ்சம் கீழே ஓடுகின்றன. ஒரு வெட்டு, ஒரு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் விரல் பழையபடி மடங்கும் என்று உறுதி இல்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். கத்திக்குப் பூட்டு இருக்கிறது என்று பெட்டியில் போடுவார்கள். ஆனால் அழுத்தித் தள்ளுகிற வேலை கத்தியைவிட ஸ்க்ரூ டிரைவருக்கும் குத்தூசிக்கும் அதிகம். இறுகிப்போன ஸ்க்ரூவைச் சாய்வாகப் பிடித்து அழுத்தினால் பூட்டில்லாத ஸ்க்ரூ டிரைவர் சட்டென்று மடங்கி விரல் முட்டியைப் பதம் பார்க்கும். ஆகவே கடைக்காரரிடம் "லாக் இருக்கா?" என்று கேட்டால் போதாது. "எது எதுக்கு லாக் இருக்கு?" என்று கேட்க வேண்டும்.

பூட்டு வகைகள்

பூட்டே இல்லாத வகை முதலில். பிளேடின் அடிப்பகுதி சதுரமாக இருக்கும், பின்னால் ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டிருக்கும். விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. கத்திகள் இப்படித்தான். இது குறை அல்ல. பழம், பார்சல், கயிறு வரை இது தாராளம். குத்தும் வேலைக்கு மட்டும் ஆகாது.

இரண்டாவது முதுகுப் பூட்டு. கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டை இருக்கும். பிளேடு முழுக்கத் திறந்ததும் பட்டையின் கொக்கி பிளேடின் பள்ளத்தில் 'டக்'கென்று விழும். 1964-ல் வந்த பக் 110 கத்தி இதைப் பிரபலமாக்கியது. பலமான வகை. ஆனால் பள்ளத்தில் தூசியும் துணிப்பிசிறும் சேர்ந்தால் கொக்கி முழுதாக இறங்காது. பூட்டியது மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது.

மூன்றாவது தகட்டுப் பூட்டு. உள்பக்கத் தகட்டில் ஒரு பட்டையைப் பிளந்து வளைத்திருப்பார்கள். பிளேடு திறந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடிக்கு முட்டுக் கொடுக்கும். இதன் இன்றைய வடிவத்துக்குக் காரணம் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். வேவ் மாடலின் வெளிக்கத்திகளில் இருப்பது இதுதான். பலவீனம் ஒன்று உண்டு. பூட்டை விடுவிக்கக் கட்டைவிரலை பிளேடு மூடுகிற வழியில் வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர் நிதானமாகச் செய்வது நல்லது.

நான்காவது, கைப்பிடியில் பொத்தானோ நழுவுகிற விசையோ வைத்து உள் கருவிகளைப் பிடிக்கும் வகை. விக்டோரினாக்ஸின் ஸ்விஸ் டூலில் கைப்பிடி மேல் உள்ள விசையை நகர்த்தினால்தான் கருவி மடங்கும். கை வழியில் வராது. ஸ்க்ரூ டிரைவரும் ரம்பமும் அடிக்கடி பயன்படுத்துகிறவருக்கு இந்த வகையே மேல்.

கடையில் நின்றபடியே பார்க்க ஆறு சோதனைகள்

1. பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நுனி இரண்டும் நேராகச் சந்திக்க வேண்டும். ஒன்று தள்ளி நின்றால் கீழே வைத்துவிடுங்கள்.

2. கத்தியைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அந்த ஆட்டம் ஆணியின் குற்றம். பிறகு மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அந்த ஆட்டம் பூட்டின் குற்றம். முதலாவது லேசாக இருந்தால் பொறுக்கலாம், ஸ்க்ரூ வைத்த கருவி என்றால் முறுக்கிச் சரி செய்யலாம். இரண்டாவதைப் பொறுக்கவே கூடாது.

3. தகட்டுப் பூட்டு என்றால் தகடு பிளேடின் அடியில் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று பாருங்கள். புதிதில் கால் பங்குக்கும் பாதிக்கும் நடுவில் நின்றால் நல்லது. விளிம்பில் தொட்டும் தொடாமலும் நின்றால் வழுக்கிவிடும். புதிதிலேயே மறுகோடிக்குப் போய்விட்டால் நாளைக்குத் தேய்ந்த பிறகு நகர இடம் இல்லை.

4. விரல்களை பிளேடின் வழியிலிருந்து விலக்கிவிட்டு, கத்தியின் முதுகை மேஜை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம், நல்ல பூட்டும் கெட்டுப்போகும். மெதுவான அழுத்தத்துக்கே விட்டுக்கொடுக்கும் பூட்டு, பூட்டே அல்ல.

5. ஒரு கருவியை இழுத்தால் கூடவே மூன்று வருகிறதா? உள் அளவுகள் சரியில்லை என்று அர்த்தம்.

6. பிளேயரைக் கையில் நன்றாக அழுத்துங்கள். கைப்பிடித் தகட்டின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தால், அவசர வேலையில் அது பயன்படாது.

ரிவெட் அடித்தது மட்டம், ஸ்க்ரூ போட்டது உயர்வு என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. விக்டோரினாக்ஸின் சிவப்புக் கத்தி ரிவெட்தான். பல வருடம் ஆடாமல் இருக்கிறது. ஸ்க்ரூவின் நன்மை, ஆட்டம் வந்தால் நீங்களே இறுக்கலாம் என்பது. அவ்வளவுதான்.

காந்தம் ஒட்டினால் மட்டமா?

எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த பாத்திர ஸ்டீலுக்கு அது ஓரளவு பொருந்தும். அதே சோதனையைக் கத்திக்குச் செய்தால் தலைகீழாகிவிடும். பாத்திர ஸ்டீலைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. கூர் நிற்காது. பிளேடுக்குத் தேவை கார்பன் அதிகமுள்ள, பதம் போடக்கூடிய ஸ்டீல். லெதர்மேன் பல மாடல்களில் போடும் 420எச்சி அப்படிப்பட்டது. அதில் காந்தம் ஒட்டும், ஒட்டவும் வேண்டும்.

அந்த ஸ்டீலின் பெயர் மட்டும் போதாது. பதம் சரியாகப் போட்டால் ராக்வெல் சி அளவில் 55-ஐ ஒட்டியோ சற்று மேலேயோ நிற்கும். பதம் தவறினால் அதே ஸ்டீல் வாய் மடங்கும், அல்லது சில்லு தெறிக்கும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது.

சந்தை ஏன் எண்ணை விற்கிறது?

பிரச்சினையின் வேர் இங்கேதான். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால் வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல சரக்கு கட்டுபடியாகாது. அது சந்தையை விட்டு விலகும், மட்டமானது மிஞ்சும். மல்டி டூலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. பதமும் பூட்டின் பொருத்தமும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அங்கே செலவைக் குறைக்கலாம். கருவிகளின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும், அதனால் அதைக் கூட்டலாம்.

இதற்கு ஒரு மாற்று உத்தரவாதம். லெதர்மேன் 25 வருடம் தருகிறது. மட்டமான சரக்கை விற்கிறவருக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுப்பது கட்டுபடியாகாது. ஆகவே உத்தரவாதமே ஒரு தகவல். ஆனால் பழுது பார்க்க எந்த ஊருக்கு, யார் செலவில் அனுப்ப வேண்டும் என்பதையும் படித்துவிடுங்கள்.

சட்டம் என்ன செய்கிறது? இந்தியாவில் 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள்படி பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, எண்ணிக்கை, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் காயம் பட்டால் இழப்பீடு கேட்க வழி செய்கிறது. நல்லதுதான். ஆனால் அது விரல் வெட்டுப்பட்ட பிறகு. முன்னாலேயே பெட்டியில் மூன்று வரி போடலாமே: எந்த ஸ்டீல், எவ்வளவு கடினம், எந்தெந்தக் கருவிகள் பூட்டிக்கொள்ளும். அச்சடிக்க ஆகும் செலவு பைசாக் கணக்கில்தான்.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. 1988-ம் ஆண்டுச் சட்டப்படி மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்தச் சலுகை இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் கண்ணில் பூட்டு ஆயுதத்துக்கு நெருக்கம். வேலை செய்கிறவரின் கண்ணில் அது விரலுக்குக் காவல். இரண்டு பார்வைக்கும் நியாயம் உண்டு, வெளிநாடு போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக

மாதத்துக்கு ஒரு பார்சல் பிரிக்கிறவருக்கு விலை உயர்ந்த மல்டி டூல் வீண் செலவு. பூட்டில்லாத நல்ல பேனாக்கத்தி போதும். வயரிங், பைக், மர வேலை என்று அழுத்தித் தள்ளுகிறவருக்கு எல்லாக் கருவியும் பூட்டிக்கொள்ளும் மாடல் அவசியம். காசு குறைவு என்றால் கருவிகள் குறைந்த, நல்ல கம்பெனி மாடலை வாங்கலாம். பதினெட்டில் பத்தை யாரும் தொடப்போவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. பூட்டு இருப்பதாகக் காட்டி, அழுத்தினால் விட்டுவிடும் மலிவுச் சரக்கு. பூட்டே இல்லாத கத்தியைவிட அது மோசம். பூட்டில்லாத கத்தியைப் பிடிக்கிறவர் ஜாக்கிரதையாக இருப்பார். பூட்டை நம்புகிறவர் இருக்கமாட்டார்.