புதுத்துணியில்தான் தைக்க வேண்டும்
அமெரிக்காவில் நோயுற்ற, ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் 'புராஜெக்ட் லைனஸ்' அமைப்பின் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது தன் போர்வையை விடாமல் பற்றியிருந்த சிறுமியைப் பற்றிப் படித்த கேரன் லௌக்ஸ் 1995-இல் இதைத் தொடங்கிய கதை பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அந்த விதிகள்தான்: போர்வை புதிதாக இருக்க வேண்டும், கையால் செய்ததாக இருக்க வேண்டும், துவைத்தால் தாங்க வேண்டும். வீட்டில் கழித்ததைக் கொடுத்துத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ள இங்கே வழியில்லை. சரியான கறார் அது. ஆஸ்பத்திரியில் குழந்தை படுக்கும் கட்டிலும் விரிப்பும், ஏன், போட்டிருக்கும் உடுப்பும்கூட நாளைக்கு இன்னொரு குழந்தைக்குப் போய்விடும். இந்தப் போர்வை மட்டும் அதற்கே சொந்தம், வீட்டுக்கும் கூடவே போகும். 18 வயதுவரை கொடுக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. போர்வை என்றதும் தொட்டில் குழந்தைதான் நம் மனதில் வருகிறது. பதினேழு வயதுப் பையனுக்கும் ஊசியைக் கண்டால் பயம் வரும். அவன் அதைச் சொல்லமாட்டான். அவன் கால்வரை மூட இன்னும் நிறையத் துணி வேண்டும், இன்னும் பல மாலைகள் உட்கார்ந்து தைக்கவும் வேண்டும். தைக்கிறவர்கள் அவனுக்கும் ஒன்று தைக்கட்டும்.