கழிச்சு விட்டது யாராம்?

ரெஸ்லிங் பார்க்கிற பெடியளிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. ஒரு வீரன் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யை விட்டு வேறு நிறுவனத்தின் மேடையில் ஏறிவிட்டால் போதும், "அவன் அங்க கழிச்சு விட்டவன் அண்ணை" என்று கதை முடிந்துவிடும். அந்த ஆள் இருபது வருடம் உடம்பை அடித்து நொறுக்கி உழைத்தவரா, ஒப்பந்தம் முடிந்து தன் விருப்பத்தில் வெளியே வந்தவரா என்ற விசாரணை எதுவும் கிடையாது.

வன்னியில் உள்ள செட்டிகுளத்தில் தலைமயிர் வெட்டப் போகிறவர்களுக்கு இது பழகிய கதை. கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஜோன் மொக்ஸ்லி நெற்றியெல்லாம் இரத்தத்தோடு நிற்கிறார். வாங்கில் முறைக்காகக் காத்திருக்கும் ஓ.எல். படிக்கும் பெடியன் ஒருவன், "டீன் அம்புரோசா அங்க நிண்டிருந்தா இண்டைக்கு எங்கயோ இருந்திருப்பான். இப்ப கழிச்சதுகள் சேருற இடத்தில நிக்கிறான்" என்கிறான். சலூன்கார அண்ணை கத்தரிக்கோலை நிறுத்தாமலே தலையாட்டுகிறார். மொக்ஸ்லியை யாரும் அனுப்பவில்லை. 2019இல் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்க மாட்டேன் என்று அவரே வெளியே வந்தார். டீன் அம்புரோஸ் என்ற பெயர் நிறுவனத்தின் சொத்து என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. உழைத்துப் பேர் எடுத்தவனுக்கு அந்தப் பேரே சொந்தமில்லாத தொழில் இது. அதைப் பற்றி வாங்கில் யாரும் பேசுவதில்லை.

இந்தப் பட்டம் ஏன் அநியாயம் என்பதற்கு முதற்காரணம் ரெஸ்லிங்கின் அடிப்படையிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒருவன் பத்து இனிங்ஸில் ஐம்பது ஓட்டம் எடுத்தால் அது அவன் கணக்கு. ரெஸ்லிங்கில் யார் வெல்வது, யார் தோற்பது என்பதை அலுவலகத்தில் இருந்து எழுதுகிறார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்புவதற்காக, இது வெறும் பொழுதுபோக்கு என்று 1989இல் நியூ ஜேர்சி மாநிலத்திடம் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனமே ஒப்புக்கொண்டது. அப்படியென்றால் "அங்கே தோற்றுப் போனவன்" என்ற பேச்சுக்கு என்ன பொருள்? அவனுக்கு வெற்றி எழுதவில்லை என்பதுதான் பொருள். எழுதாதது எழுதினவனின் முடிவு.

இதற்கு நம் பக்கத்துப் பெடியளுக்கு நன்றாகத் தெரிந்த சாட்சி ஜிந்தர் மகால். கனடாவின் கல்கரியில் பிறந்த பஞ்சாபி. 2014 ஜூன் 12ஆம் திகதி டபிள்யூ.டபிள்யூ.ஈ. அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. 2016இல் திரும்ப எடுத்தார்கள், வாராவாரம் தோற்க வைத்தார்கள். பிறகு இந்தியச் சந்தை பெரிது என்ற நினைப்பு மேலிடத்துக்கு வந்தது. 2017 ஏப்ரலில் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதி அவருக்கு எழுதப்பட்டது. மே 21ஆம் திகதி ரண்டி ஓர்ட்டனை வென்று உலகப் பட்டத்தோடு நின்றார். ஐந்து வாரத்தில் ஒரு மனிதனின் திறமை இப்படி ஏறுமா? உடம்பு அதே உடம்பு, பிடி அதே பிடி. எழுதியவர்களின் மனசுதான் மாறியது. அவர் வென்றதை நான் பெரிய சாதனையாக நினைக்கவில்லை, முன்பு தோற்றதைக் குறையாகவும் நினைக்கவில்லை. இரண்டும் ஒரே கையெழுத்து.

அதே ஜூன் 12ஆம் திகதி நிறுத்தப்பட்ட இன்னொருவர் ஸ்கொட்லாந்துக்காரர் ட்ரூ மக்கின்டயர். வெளியே போய்ச் சும்மா இருக்கவில்லை. ட்ரூ கலோவே என்ற தன் சொந்தப் பெயரில் ஊர் ஊராகச் சண்டை பிடித்து, 2016இல் ரி.என்.ஏ. என்ற நிறுவனத்தின் உலகப் பட்டத்தையும் வென்றார். 2017இல் பழைய இடத்துக்கே திரும்பினார். 2020 ஏப்ரலில் புரோக் லெஸ்னரை வீழ்த்தி முதல்தரப் பட்டத்தைத் தூக்கினார். கொரோனா காலம், அரங்கில் ஒரு சனம் இல்லை. அந்த மூன்று வருட வெளிவாசத்தில் அவர் கழிவா, பயிற்சியில் இருந்தவரா?

ஆனால் கழிவு என்ற பட்டத்தைச் சூட்டியவர்கள் தங்கள் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. மிக் ஃபோலி என்றால் சிலருக்குத் தெரியாது, முகமூடி போட்ட மான்கைண்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். முதலில் அவர் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வில் கெக்டஸ் ஜெக் என்ற பெயரில் இருந்தார். 1994 மார்ச்சில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் வேடர் என்ற வீரருடன் நடந்த சண்டையில் தலை கயிறுகளுக்குள் சிக்கி, வலது காதின் பெரும்பகுதி பிய்ந்து போனது. காதில்லாமலும் சண்டையை நிறுத்தவில்லை அந்த மனிதன். மேடையில் ஒருவன் காதையே இழந்த அந்தச் சம்பவத்தை வைத்து ஒரு கதையாவது கட்ட நிறுவனத்துக்குத் தோன்றவில்லை. அதே வருடம் அவர் வெளியேறினார்.

1999 ஜனவரி 4, திங்கட்கிழமை இரவு. அப்போது டபிள்யூ.சி.டபிள்யூ.வும் இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.யும் ஒரே நேரத்தில் இரண்டு தொலைக்காட்சிகளில் மோதிக்கொண்டிருந்தன. டபிள்யூ.சி.டபிள்யூ. நேரடி ஒளிபரப்பு. எதிர்த்தரப்பின் நிகழ்ச்சி சில நாட்களுக்கு முன்பே பதிவானது, அதில் ஃபோலி ரொக்கை வென்று உலகப் பட்டத்தை எடுக்கிறார். இது டபிள்யூ.சி.டபிள்யூ. தலைமைக்குத் தெரிந்துவிட்டது. உடனே வர்ணனையாளரிடம் உத்தரவு போனது: முடிவை நேயர்களிடம் சொல்லிவிடு, கொஞ்சம் நக்கலும் சேர்த்துக்கொள். முன்பு தங்களிடம் கெக்டஸ் ஜெக் என்று சண்டை பிடித்த ஆள்தான் இன்றைக்கு அங்கே பட்டம் வெல்கிறாராம், அதற்குச் சனம் முண்டியடித்து வரப் போகிறதாம் என்ற தொனியில் அவரும் சொல்லி முடித்தார். தாங்கள் வேண்டாமென்று விட்டவனை எடுத்து எதிரி சம்பியன் ஆக்குகிறான், என்ன கேவலம் என்பதுதான் அந்தப் பகடியின் உட்பொருள். சலூன் வாங்கில் கேட்கும் அதே குரல்.

நடந்தது என்ன? அந்த நிமிடத்தில் லட்சக்கணக்கானவர்கள் தொலைக்காட்சியை மற்றப் பக்கம் திருப்பினார்கள். கழிச்சுவிட்ட ஆள் வெல்வதைப் பார்க்கத்தான் சனம் போனது. பகடி பண்ணின நிறுவனம் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான் தாக்குப் பிடித்தது. 2001 மார்ச்சில் அந்த எதிரியே அதை விலைக்கு வாங்கினான்.

அன்றிரவு ஃபோலிக்கு உதவ ஓடி வந்தவர் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஒஸ்டின். அவரும் டபிள்யூ.சி.டபிள்யூ.வில் இருந்தவர்தான், ஆனால் துரத்தப்பட்டவர். கைத்தசை கிழிந்து வீட்டில் இருந்தபோது, 1995இல், வேலை போய்விட்டது என்ற செய்தி வந்தது. அண்டர்டேக்கரும் அங்கே மீன் மார்க் என்ற பெயரில் கவனிப்பாரின்றிக் கிடந்துவிட்டு 1990 நவம்பரில் இந்தப் பக்கம் வந்தவர். சின்ன வயதில் நாங்கள் காட் மாற்றி மாற்றிச் சேர்த்த முகங்களில் பல யாரோ ஒருவர் வேண்டாமென்று விட்ட முகங்கள். அவர்களை நாங்கள் கழிவு என்று சொன்னோமா? சொல்லவில்லை. ஏனென்றால் அவர்கள் வந்து சேர்ந்த இடம் நாங்கள் பார்க்கிற இடம். நாங்கள் பார்க்கிற இடத்துக்கு வந்தால் வீரன், அதை விட்டுப் போனால் கழிவு. இந்தக் கணக்கில் நியாயம் எங்கே இருக்கிறது?

இந்தத் தொழிலில் இடம் மாறுவது ஒரு காலத்தில் குற்றமே அல்ல. 1948இல் அமெரிக்க மல்யுத்த முதலாளிகள் சேர்ந்து நாட்டைப் பிராந்தியங்களாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வீரர்கள் ஒரு பிராந்தியத்தில் சில மாதம், அடுத்ததில் சில மாதம் என்று சுற்றித்தான் பிழைத்தார்கள். ஒரே இடத்தில் நின்றால் சனத்துக்குச் சலித்துவிடும். நம் பெரியவர்கள் இன்றைக்கும் தடித்த ஆளைக் கண்டால் தாராசிங் என்கிறார்கள். அந்தத் தாராசிங் பஞ்சாபில் பிறந்து, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சண்டை பிடித்துப் பெயர் எடுத்த பிறகே இந்தியாவுக்குத் திரும்பினார். ஹல்க் ஹோகன் வேறு கதை. ரொக்கி படத்தின் மூன்றாம் பாகத்தில் நடித்த விவகாரத்தில் இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் அன்றைய முதலாளியோடு முறுகி வெளியே போனவர். 1983 கடைசியில் முதலாளியின் மகன்தான் அவரை வேறு நிறுவனத்திலிருந்து திரும்ப அழைத்து வந்தார். 1984 ஜனவரி 23ஆம் திகதி அவர் பட்டம் வென்றதில் இருந்துதான் இன்றைய பெரிய நிறுவனத்தின் வளர்ச்சி தொடங்குகிறது. அதன் அத்திவாரமே திரும்ப எடுத்த ஒருவர்.

சரி, எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். ரி.என்.ஏ. போன்ற நிறுவனங்கள் பழைய பெயர்களை நம்பித் தங்கள் சொந்த வீரர்களை ஓரம் கட்டியது உண்மை. 2010 ஜனவரியில் ஹோகனும் அவரோடு வந்தவர்களும் உள்ளே நுழைந்ததும் ரி.என்.ஏ.யின் அடையாளமாக இருந்த ஆறு பக்க மேடை கழற்றப்பட்டு நாலு பக்க மேடை வந்தது. அரங்கில் இருந்த சனமே கூச்சலிட்டு எதிர்த்தது. அந்தக் கோபம் எனக்கும் நியாயமாகப் படுகிறது. ஆனால் அது முதலாளிமாரின் புத்தியின்மை மேல் வரவேண்டிய கோபம். வேலை கேட்டு வந்தவனுக்கு அதில் என்ன பங்கு? அதோடு, அதே ரி.என்.ஏ.யில் வளர்ந்தவர் ஏ.ஜே. ஸ்டைல்ஸ். பத்து வருடத்துக்கு மேல் அங்கே உழைத்து, ஜப்பானுக்குப் போய் 2014இல் அங்கும் பட்டம் வென்று, 2016 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்கு வந்தார். அதே வருடம் செப்டம்பரில் அவர்தான் சம்பியன். கழிவு சேரும் இடம் என்று சொன்ன இடத்தில் இருந்து வந்த ஆளின் கதை இது.

வேலையை விட்டு நிறுத்துவதன் காரணத்தையும் ஒருமுறை பாருங்கள். 2020 ஏப்ரல் 15ஆம் திகதி கொரோனாவைச் சாட்டி டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஒரே நாளில் பெருந்தொகை வீரர்களையும் ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. அந்த வருடம் நிறுவனத்தின் மொத்த வருமானம் 97 கோடி டொலர். இலாபத்திலும் குறைவில்லை. இந்த வீரர்கள் சட்டப்படி ஊழியர்களே அல்ல, சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். அப்படியிருந்தும் நிறுத்தியபின் மூன்று மாதம் வேறெங்கும் ஏறிச் சண்டை பிடிக்கக்கூடாது என்று ஒப்பந்தம் கட்டிப் போடுகிறது. கணக்காளர் ஒருவர் செலவைக் குறைக்கப் போட்ட கோட்டை, நாங்கள் வன்னியில் இருந்துகொண்டு திறமைக்குப் போட்ட மார்க் என்று வாசிக்கிறோம். சம்பளமும் இல்லாமல் முதலாளிக்கு விளம்பரம் செய்கிறோம்.

ஆளை அவன் நிற்கிற இடத்தை வைத்து எடை போடுவது எவ்வளவு அநியாயம் என்று செட்டிகுளத்துக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2009இல் இங்கே மெனிக் பாம் அகதி முகாமில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் கம்பிக்குள் இருந்தது. ஆசிரியரும் இருந்தார், வைத்தியரும் இருந்தார், தோட்டக்காரரும் இருந்தார். எல்லோருக்கும் அகதி என்ற ஒரே பெயர்தான். 2012 செப்டம்பரில் முகாம் மூடப்பட்டது. அந்தத் துயரத்தை ரெஸ்லிங்கோடு ஒப்பிட நான் வரவில்லை, அது ஒப்பிடத்தக்கதும் அல்ல. வெளியில் இருந்து ஒட்டுகிற பெயரில் ஆளின் தகுதி எழுதியிருக்காது என்பதை அறிந்த ஊர் இது என்று மட்டும் சொல்கிறேன்.

சலூன் கதை சலூனோடு நின்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அது விளையாட்டு மைதானத்துக்கும் வருகிறது. ஒரு கழகத்தில் இடம் கிடைக்காமல் பக்கத்துக் கழகத்துக்குப் போன கரப்பந்தாட்டக்காரனுக்கும் இதே பட்டம்தான். முதல் கழகத்தில் தலைவரின் மருமகன் அந்த இடத்தில் நின்றதை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. கழகப் பொறுப்பாளர்களிடம் கேட்கிறேன்: அடுத்த பிரதேச விளையாட்டு விழாவுக்கு அணி எடுக்கும்போது, கழகம் மாறி வந்த பெடியனை வலைக்கு முன்னால் நிறுத்தி அரைமணி நேரம் விளையாட விட்டுப் பாருங்கோ. முன்பு எந்த ஜேர்சி போட்டவன் என்பதைப் பிறகு விசாரிக்கலாம்.